கிளிதானே என்று சொல்லாதீர்கள்



இந்த மாதம் ஒரு கிளியைப் பற்றி எழுதப் போகிறேன். பிள்ளையை, கணவனை, வீட்டை, காணியை இழந்து வந்திருக்கும் எங்களுக்குக் கிளி செத்ததும் ஒரு விடயமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் வாய்விட்டும் சொன்னேன். முதலில் அந்தத் தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்தப் பெரியம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். லயத்தில் எல்லோரும் 'கிளிப் பெரியம்மா' என்றுதான் அழைப்பார்கள். பிறந்ததும் அதே மாவட்டத்தில்தான். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. உடுத்த உடையோடு வெளிக்கிட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 1977இல் முன்னமே போயிருந்த உறவினரை நம்பி வவுனியாவுக்குப் போய், பிறகு கிளிநொச்சியில் குடியேறினார்கள். அங்கேதான் கல்யாணம், அங்கேதான் பிள்ளைகள். 2009 மே மாதத்தில் பத்தொன்பது வயது மகனைக் கடைசியாகக் கண்டார். அதன்பின் மனிக் பாம் முகாம். அங்கிருந்து விடுபட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தங்கச்சியின் லயத்துக்கே திரும்பி வந்தார். முப்பது வருடம் வன்னியில் இருந்ததால் அவருடைய பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். ஒரே வசனத்தில் 'பிள்ளை' என்பார், 'புள்ள' என்றும் சொல்வார்.

2012இல் பட்டுப்போன தென்னை ஒன்றைத் தறித்தபோது, பொந்திலிருந்து விழுந்த குஞ்சுகளில் ஒன்று பிழைத்தது. இறகு முளைக்காத, கண் சரியாகத் திறக்காத சதைத்துண்டு. அரிசிக்கஞ்சி ஊட்டி, துணிக்குள் சூடாக வைத்து அதை வளர்த்தெடுத்தார். ராணி என்று பெயரும் வைத்தார். மூன்றாவது வருடம் அதன் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் விழுந்தது. இந்தப் பச்சைக்கிளி இனத்தில் அந்த வளையம் ஆணுக்குத்தான் வரும். லயமே சிரித்தது. ஆனாலும் பெயர் மாறவில்லை. ராணி ஆண்பிள்ளையாகவே ராணியாக இருந்தது.

பெரியம்மா அதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாகவே கேட்டுப் பழகியது. தினமும் கொழுந்து மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகளிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி வந்துட்டானா?" முகாமிலிருந்து வந்த நாள்முதல் அந்தக் கேள்வி ஒருநாளும் தவறியதில்லை. கிளி அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு பொழுது சாயும் நேரத்தில், பெரியம்மா படியேறும் முன்பே அது கேட்கத் தொடங்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. லயத்தார் யாரும் சிரிப்பதில்லை.

2023இல் மழைக்காலத்தில் ராணிக்குச் சுகமில்லாமல் போனது. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு பகலிலும் இறகைப் பருத்திப் பந்துபோல உப்பிக்கொண்டு தூங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. கடைசியில் தடியில் நிற்க முடியாமல் கூட்டின் அடியில் போய் உட்கார்ந்தது. பெரியம்மா ஒருநாள் பேரை விட்டுவிட்டு, கூட்டைத் துவாயால் மூடி, பஸ்ஸில் ஏறி, பட்டணத்து அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். தோட்டத்தில் 'மாட்டு டாக்டர்' என்பார்கள். பஸ்ஸிலும் சிரிப்பு, திரும்பி வந்தபின் வேலைத்தளத்திலும் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து, சதை வற்றிவிட்டது, பல நாள் நோய் என்றார். மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. நாலாம் நாள் விடியப்புறம் ராணி செத்துப்போனது.

அடுத்த நாள் நான் ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கப் போயிருந்தேன். பெரியம்மா இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விடயம் தெரிந்ததும், ஆறுதல் சொல்வதாக நினைத்து, "பரவாயில்லை பெரியம்மா, கிளிதானே, வேறொன்று வாங்கித் தாரேன்" என்றேன். அவர் என்னை ஏசவில்லை. படிவத்தை வாங்கி, நான் காட்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டு, "சரி பிள்ளை, நேரமாகுது, நீங்க போங்க" என்றார். பத்து வருடமாகச் சமூக வேலை செய்கிற என்னை ஒருவர் இவ்வளவு மரியாதையாக வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஒரு பெயரைப் பாடமாக்கியிருந்தேன். கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் 1989இல் எழுதியது. சில துக்கங்களைச் சமூகம் துக்கமென்றே ஏற்றுக்கொள்வதில்லை, அவற்றுக்கு அழும் உரிமையும் கொடுப்பதில்லை என்பது அவர் கருத்து. கருக்கலைந்த தாயின் துக்கம், ஊரறியாத உறவில் இருந்தவரின் துக்கம், வளர்த்த பிராணியை இழந்தவரின் துக்கம் எல்லாம் அதில் அடங்கும். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். இஸ்தோப்பில் நின்றபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

எங்கள் தோட்டங்களில் சாவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. தப்பு அடிப்பார்கள், லயத்துப் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பார்கள், பக்கத்துக் காம்பராவிலிருந்து சோறு வரும். துக்கவீட்டுக்காரி அன்று அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. கிளிக்கு இவை ஒன்றும் கிடையாது. மறுநாள் காலை பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும், நிறை குறையாமல் கொழுந்து பறிக்கவேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர்தான். முகம் வாடியிருந்தால், "என்ன, கிளிக்கா?" என்று கேள்வி வேறு.

வளர்த்த கிளிக்காக அழுவது படிப்பறிவில்லாதவர்களின் பேதைமை என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐரீன் பெப்பர்பேர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977இல் ஒரு கடையில் ஆபிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி, அலெக்ஸ் என்று பெயரிட்டு, முப்பது வருடம் அதை வைத்து ஆய்வு செய்தார். அது நிறம் சொல்லும், வடிவம் சொல்லும், எண்ணிக்கை சொல்லும். ஆய்வு பாதிக்கப்படக் கூடாதென்று அவர் அதன்மீது வைத்த பாசத்தை அடக்கியே வைத்திருந்தார். இரவில் ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டு போகும்போது அலெக்ஸ் அவருக்கு விடைகொடுத்து, நாளை வருவாயா என்று கேட்கும். 2007 செப்டெம்பர் 5ஆம் திகதி இரவும் அப்படியே கேட்டது. மறுநாள் காலை கூட்டில் செத்துக் கிடந்தது. வயது 31. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை மரணச் செய்தி வெளியிட்டது, உலகின் பல பாகங்களிலிருந்தும் அனுதாபக் கடிதங்கள் குவிந்தன. இத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது என்று அவர் பின்னர் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பேராசிரியரின் துக்கத்துக்குப் பத்திரிகையில் இடமிருந்தது. எங்கள் பெரியம்மாவின் துக்கத்துக்கு லயத்து இஸ்தோப்பிலும் இடமில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். இம்முறை படிவம் கொண்டுபோகவில்லை. "அன்றைக்கு நான் சொன்னது பிழை பெரியம்மா" என்றேன். "குந்துங்க" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றினார். அதன்பிறகுதான் கதைத்தார்.

அவரை முதலில் வருத்தியது குற்ற உணர்வு. பல நாள் நோயென்று டாக்டர் சொன்னாரே, கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே, பேர் போகுமென்று பார்த்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிராணி வளர்க்கும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை இந்த இடத்தில் சொல்லவேண்டும். பறவைகள் நோயை மறைக்கும். நோஞ்சானாகத் தெரிகிற பறவையைத்தான் பருந்தும் பாம்பும் முதலில் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை சுகமாக இருப்பதுபோலவே நடந்துகொள்வது அவற்றின் இயல்பு. எங்கள் கண்ணுக்கு நோய் தெரிகிறபோது அது ஏற்கெனவே முற்றியிருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம பொம்பளைங்க மாதிரி" என்றார்.

ஆகவே உங்கள் வீட்டில் கிளி இருந்தால், அது பகலில் உப்பிக்கொண்டு தூங்குவது, மூச்சுக்கு வால் ஆடுவது, எச்சம் நிறம் மாறுவது, மூக்கில் சளி, கூட்டின் அடியில் உட்காருவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிரதேச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ளவர்களுக்குக் கண்டி வீதியில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கொண்டுபோகும் வரை முக்கியமானது சூடு. கூட்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடி, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு வேண்டுமென்று அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். பறவையின் சுவாசப்பை எங்களுடையதைவிட வேகமாக நச்சுக் காற்றை இழுத்துக்கொள்ளும். பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் நச்சுவாயுவை அறிய 1986 வரைக்கும் சிறு குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். புகைபோக்கி இல்லாத காம்பராவில், ஈரவிறகுப் புகைக்குள் பதினொரு வருடம் இருந்த ராணிக்கு அந்தப் புகை எவ்வளவு கேடு செய்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அதே புகையைத்தானே அவரும் குடிக்கிறார்.

வாயைத் திறந்து தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மனிதருக்கான குளிசைகளை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. சுகமான கிளிக்கும் சோறும் மிளகாயும் மட்டும் போதாது. பப்பாசி, பூசணி, முருங்கையிலை எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. பட்டர் புரூட் மட்டும் ஒரு துண்டும் வேண்டாம், அது கிளிகளுக்கு நஞ்சு.

இன்னொன்று. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் ஒன்று உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சோடு உள்ளே போனால் காய்ச்சலும் கடும் தலையிடியும் வறட்டு இருமலும் வரலாம். மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான். ஆனால் வீட்டில் கிளி இருக்கிறதென்று நாங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம். கூட்டைக் கழுவுமுன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். செத்த பறவையை வெறுங்கையால் தூக்கவேண்டாம், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

புதைத்த கதைக்கு வருகிறேன். பெரியம்மாவின் மகளுக்கு ஏழு வயதில் ஒரு பெண்குழந்தை. அது எழும்பும் முன்பே கிளியைப் புதைத்துவிட்டு, 'பறந்து போய்விட்டது' என்று சொல்லிவிடலாம் என்பது மகளின் எண்ணம். பிள்ளை அழக்கூடாதே என்ற நல்ல மனதுதான். எத்தனை வீடுகளில் இதையே செய்கிறோம்! பெரியம்மா சம்மதிக்கவில்லை. "பறந்துட்டுதுன்னு சொல்லாத. அப்புறம் திரும்பி வரும் வரும்னு அது ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கும். அந்த வேலை எனக்குத் தெரியும், புள்ளைக்கு வேணாம்" என்றாராம்.

பேத்தியை எழுப்பிக் கூட்டி வந்து, மடியில் வைத்துக்கொண்டு, துணியில் சுற்றியிருந்த ராணியைக் காட்டினார். செத்துப்போச்சு என்று சொன்னார். பிள்ளை அழுதது. இனி மூச்சு விடாதா, பசிக்காதா, குளிராதா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று பதில் சொன்னார். லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, செவ்வரத்தம்பூ போட்டுப் புதைத்தார்கள். பிறகு பெரியம்மா அந்த மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருக்கிறார். குரல் லயம் முழுக்கக் கேட்டது. வாசலில் வந்து நின்ற பெண்கள், இது கிளிக்கில்லை, மகனுக்கு வைக்கிற ஒப்பாரி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் நானும் அதையே நினைத்தேன். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், முடிவு தெரியாத இழப்பைப் பற்றி 1999இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பேசத் தொடங்கியவர் அவர். உடல் இல்லை, செய்தி இல்லை, சடங்கு இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் துக்கம் அப்படியே உறைந்து நிற்கும் என்கிறார். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கிய தாய்மாரிடம் கேட்டால் இதைப் புத்தகமில்லாமலே சொல்வார்கள். உறைந்து கிடந்த அழுகை, புதைக்கக் கிடைத்த ஒரு சிறு உடலைக் கண்டதும் உருகிவிட்டது என்று என் மனதுக்குள் ஒரு அறிக்கையே எழுதி முடித்துவிட்டேன். அந்தத் துணிவில், "பெரியம்மா, தம்பிய நெனச்சுத்தானே அழுதீங்க?" என்று கேட்டும்விட்டேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஏன் பிள்ளை, நான் அவனுக்கு ஏன் ஒப்பாரி வைக்கணும்? அவன் செத்தத நீங்க கண்டீங்களா? நான் ராணிக்குத்தான் அழுதேன். பதினொரு வருசம் என் கையால தின்ன சீவன் அது. அதுக்கு அழக்கூடாதா?" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தணித்துக்கொண்டு, "இந்த வீட்டுல அவன எதிர்பாத்துக்கிட்டு இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். மக பாவம், அவளுக்கு அவ குடும்பம். நான் மலையிலேருந்து வரும்போது அதுதான் கேட்கும். இப்ப நான் ஒத்த ஆளாக் கேட்கவேண்டியிருக்கு" என்றார்.

இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்களைப் போல உளவளத்துணை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒன்றுக்கு அழுதால் அது உண்மையில் வேறொன்றுக்கான அழுகை என்று கண்டுபிடிப்பதில் எங்களுக்கொரு சந்தோசம். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் காணாமற்போன பிள்ளையின் தாயிடம், அவன் செத்துவிட்டான் என்று நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று கிளியைக் காரணம் காட்டி மறைமுகமாகச் சொல்வது ஆறுதலாகாது. கிளிக்கு அழுகிறேன் என்றால் கிளியைப் பற்றித்தான் கேட்கவேண்டும். என்ன தின்னும், யாரைக் கொத்தும், எப்போது தூங்கும் என்று கேளுங்கள். நான் அன்று பிந்தித்தான் கேட்டேன். முக்கால் மணித்தியாலம் சொன்னார். நடுவில் இரண்டு தரம் சிரித்தார். கணக்குப்பிள்ளையின் தொப்பியை ராணி கிழித்த கதைக்குப் பேத்தியும் வந்து சேர்ந்துகொண்டது.

சாப்பாடு இறங்காமல், தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வாயில் வந்தாலோ தனியே விடவேண்டாம். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், நீங்களும் கூடவே இருங்கள். கிளிக்காகவா வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் ஆமென்று சொல்லுங்கள்.

வேறொரு குஞ்சு பிடித்துத் தரவா என்று லயத்துப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். பெரியம்மா வேண்டாமென்று விட்டார். நல்லதுதான். எங்கள் சப்ரகமுவக் காடுகளில், சிங்கராஜப் பக்கத்தில், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சாம்பல் தலைக்கிளி இருக்கிறது. சிங்களத்தில் அலு கிரவா என்பார்கள். அறியாப் பையன்கள் அதன் கூட்டிலும் கை வைத்துவிடுவார்கள், அது சட்டப்படி குற்றம். விழுந்த குஞ்சை எடுத்துக் காப்பாற்றுவது வேறு, மரமேறிப் பிடிப்பது வேறு.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, ராணியின் கூடு இஸ்தோப்பில் அதே கொக்கியில் தொங்கியது. கழுவித் துடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டாராம், கொடுக்கவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஐந்து மணிக்குப் பெரியம்மா மலையிலிருந்து வந்தார், கூடையை இறக்கினார், தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு உள்ளே பார்த்து வழமைபோலக் கேட்டார். பேத்தி கொப்பியிலிருந்து தலை நிமிராமலே, "இன்னும் இல்ல அம்மாயி" என்றது.